துக்கத்துக்கு ஒரு சடங்கு இல்லாதபோது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 38, செம்பூரில் வசிக்கிறேன். பதினோரு வருட மணவாழ்க்கைக்குப் பின், சென்ற ஆண்டு பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெற்றேன். ஒன்பது வயது மகள் என்னுடன் இருக்கிறாள். வேலைக்கும் வருமானத்துக்கும் குறையில்லை. ஆனால் உள்ளே எல்லாம் நின்றுபோய்விட்டது. தோழி ஒருத்தி தியான வகுப்புக்கு அழைத்துச் சென்றாள். கண்ணை மூடினாலே கணவர் பேசிய பேச்சுகள்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அத்தை பரிகாரம் செய்யச் சொல்கிறார். எங்கள் கட்டடத்தில் வரலட்சுமி நோன்புக்கு எல்லோரையும் தாம்பூலத்துக்கு அழைத்தவர்கள் என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். இந்த முறிவிலிருந்து ஆன்மிகமாக வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: சகோதரி, விவாகரத்தான பெண்ணை ஒரு காலத்தில் ஊர் மூலையில் உட்காரச் சொன்னது, இப்போது அதே ஊர், எழுந்து நின்று சாதித்துக் காட்டச் சொல்கிறது. ஓராண்டுக்குள் புதிய மனுஷியாகத் திரும்பி வராவிட்டால் ஏதோ தேர்வில் தவறிவிட்டதுபோல் நீங்களும் தவிக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது. அந்தக் கெடுவை முதலில் எடுத்துவிடுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, பரஸ்பர சம்மத மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. தக்க சூழலில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. பிரிவதா வேண்டாமா என்று யோசிப்பதற்காகத் தரப்பட்ட அவகாசம் அது. பிரிந்த பிறகு அழுவதற்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டில் சமைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள், உறவினர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள், பத்து, பதின்மூன்று, பதினாறு என்று குலத்துக்குக் குலம் கணக்கு வைத்துக் காரியம் முடித்து, துக்கப்பட்டவரை மறுபடி வெளியுலகுக்குக் கூட்டி வருகிறார்கள். மணமுறிவுக்கு நம்மிடம் அப்படி ஒரு முறை கிடையாது. உங்கள் வீட்டுக்கு யாரும் விசாரிக்க வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களும் ஜீவனாம்சம் எவ்வளவு என்றுதான் கேட்டிருப்பார்கள். முறையாக அழப்படாத துக்கம், கண்ணை மூடி நீங்கள் தனியாக உட்காரும் நேரம் பார்த்து எழுந்து வருகிறது. இதில் உங்கள் தியானத்தின் பிழை எதுவும் இல்லை.

ஆகவே இப்போதைக்கு மௌனத்தில் உட்காரும் பயிற்சியை, அதிலும் பல நாள் பேசாதிருக்கும் முகாம்களை, ஒத்திப்போடுங்கள். காயம் ஆறாத மனத்துக்கு, வாயும் கையும் காலும் சேர்ந்து ஈடுபடும் பயிற்சிகளே ஏற்றவை என்பது என் கருத்து. நீங்கள் இருப்பதோ செம்பூரில். சேடா நகர் முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் திருப்புகழைக் கூடிப் பாடும் குழுக்களுக்குக் குறைவில்லை. அருணகிரிநாதரின் சந்தத்தைக் கற்கத் தொடங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வல்லினம் அடுக்கடுக்காக வரும் ஓர் அடியில் எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, அடியின் முடிவில் தனியே நிற்கும் தொங்கல் வந்ததும் தாளம் எங்கே திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டே பாட வேண்டியிருப்பதால், பழைய சண்டையின் வசனங்கள் நுழைவதற்கு அங்கே இடுக்கே இருக்காது. நாக்கு தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், நீங்களும் சிரிப்பீர்கள். ஒரு பாடலை மனப்பாடமாக்கியதும், காலை நேர லோக்கல் ரயிலில் நெரிசலுக்கு நடுவே நின்றபடி அதை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். கடவுள் நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு உடனே விடை காண வேண்டிய அவசியமும் இல்லை.

தாம்பூலத்துக்கு அழைக்காதது வலிக்கத்தான் செய்யும்; பெரிய மனத்தோடு மறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நெற்றிக் குங்குமம் குழந்தைப் பருவத்திலிருந்தே உங்களுடன் இருப்பது. தாலியோடு வந்ததன்று, தாலியோடு போக வேண்டியதும் அன்று. அடுத்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டில் மகளுடன் சேர்ந்து சிறிதாகக் கொலு வையுங்கள். உங்களை அழைக்காதவர்களையும் சேர்த்தே அழையுங்கள். வருகிறவர்களுக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுங்கள். வராதவர்கள் வராமலே இருக்கட்டும்.

பரிகாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அத்தையின் மன ஆறுதலுக்காக ஒரு கோயிலுக்குப் போய் வருவதில் தவறில்லை. முடிந்துபோன திருமணத்தின் தோஷத்தை நீக்க இத்தனை ஆயிரம் ஆகும் என்று ஒருவர் விலை சொன்னால், வாசலோடு திரும்பிவிடுங்கள்.

கணவனால் கைவிடப்பட்ட ஒருத்தியை நாயன்மார் அறுபத்து மூவருள் வைத்து வணங்கும் மரபு நம்முடையது. மனைவி புனிதவதி இறைவனை வேண்டி மாங்கனி வரவழைத்த அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், வாணிபத்துக்கென்று சொல்லிக் கப்பலேறிப் போனான். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர்கள் அவளைச் சிவிகையில் ஏற்றி அவன் முன் கொண்டுபோய் நிறுத்தியபோது, அவன் குடும்பத்தோடு அவள் காலில் விழுந்தான். அவள் அவனைத் திட்டவும் இல்லை, திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சவும் இல்லை. அதன் பிறகுதான் காரைக்கால் அம்மையாராகத் திருவாலங்காட்டுக்கு நடந்தாள். அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களும் அவள் பெயரில் நிற்கின்றன. ஆனால் அவளைப்போல உடலழகை உதறிப் பேயுருக் கொள்ளும் துறவு உங்களுக்கான வழி என்று சொல்ல மாட்டேன். காலையில் மகளின் டிபன் டப்பாவை நிரப்ப வேண்டிய வீடு உங்களுடையது. கணவன் விலகிப் போன இடத்தில் அவள் கதையை நம் முன்னோர்கள் முடித்துவிடவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்மிகம் கேட்டவருக்குக் காகித வேலை சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வங்கிக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்; விவாகரத்து ஆனதும் அது தானாக மாறிவிடாது. வீடு இருவர் பெயரிலும் இருந்து, விவாகரத்தின்போது இருவரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி உங்களுக்கு வந்திருந்தால், வீட்டுவசதி சொசைட்டியின் பங்குச் சான்றிதழிலும் பெயர் மாற வேண்டும். பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவரின் பெயரைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் 2016 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு படிவமும் பழைய கோபத்தைக் கிளறும் என்பதால்தான் பலர் இவற்றை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மாதம் ஒன்றாக முடித்துவாருங்கள்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; யாராவது வற்புறுத்தினாலும் அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, பாட்டும் பூஜையும் போதா. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

கேள்வி: விவாகரத்துக்குப் பிறகு ஏழு வயது மகனை ஞாயிறுகளில் மட்டுமே பார்க்க முடிகிறது. அவன் தாயுடன் தாதரில் இருக்கிறான். மன அமைதிக்காகக் கீதை வகுப்பில் சேர்ந்தேன். பற்றை விடச் சொல்கிறார்கள். மகன்மீது பற்று வைப்பது தவறா?

– ஒரு வாசகர், முலுண்டு

பதில்: பலனில் உரிமை கொண்டாடாமல் கடமையைச் செய் என்பதுதான் கீதை சொல்வது; பிள்ளையை நேசிக்காதே என்பது அதன் பொருளன்று. உங்கள் விஷயத்தில் பலன் எது என்று யோசித்துப் பாருங்கள். அவன் உங்களைத்தான் அதிகம் நேசிக்க வேண்டும், அம்மாவிடம் குறை கண்டு உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு யார் வந்தார்கள், அம்மா என்ன சொன்னாள் என்று அவனைத் துருவாதீர்கள். பள்ளிக் கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திய ரயில்வேயில் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் இருக்கும் என்பது முலுண்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.