மெட்டில்லாத கிட்டாரில் கமகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன், மூன்று ஆண்டுகளாக வாய்ப்பாட்டும் கற்று வருகிறேன். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) தொண்டையில் வருகிறது, கிட்டாரில் வர மறுக்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த, ஃப்ரெட் எனப்படும் மெட்டுகள் இல்லாத கிட்டாருக்கு மாறினால் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) எளிதாகிவிடும் என்கிறார்கள். மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் மெட்டு கமகத்துக்குப் பகை என்ற எண்ணத்தோடு மாற வேண்டாம். 24 மெட்டுகள் கொண்ட வீணையைத்தான் இன்றும் கமகத்துக்கு உரைகல்லாகச் சொல்கிறோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸின் வாத்தியத்திலும் மெட்டுகள் இருந்தன. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் மெட்டுள்ள மின்கிட்டாரிலேயே கர்நாடக இசையை மேடையேற்றினார்கள். இவர்களுக்கெல்லாம் வழி ஒன்றுதான்: தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்ததும், விரல் பலகையில் உராயாமல் தந்தியை நன்றாக இழுப்பதற்காகத்தான்.

இழுப்பில் உள்ள குறை வேறு. இழுத்தால் ஸ்வரம் ஏறுமே தவிர, விரல் நிற்கும் மெட்டுக்குரிய ஸ்வரத்துக்குக் கீழே இறங்காது. இறக்கம் வேண்டுமானால் கீழ் மெட்டிலேயே தந்தியை இழுத்துவைத்து, பிறகு மீட்டி, மெல்லத் தளர்த்த வேண்டும். மெட்டில்லாத பலகையில் இந்தச் சிக்கல் இல்லை. ஜாரு என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது; ஏற்ற ஜாருவும் இறக்க ஜாருவும் விரலுக்கு ஒரே வேலைதான்.

அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் பலரும் வாங்கிய பிறகு கண்டுகொள்கிறார்கள். மெட்டுள்ள கிட்டாரில் தந்தியின் அதிர்வு உலோகத்தில் முடிகிறது. மெட்டில்லாததில் அது விரல் நுனியின் சதையில் முடிகிறது, சதையோ அதிர்வை உறிஞ்சிவிடும். வயலினும் மெட்டில்லாத வாத்தியம்தானே என்று கேட்கலாம். அங்கே வில் ஒவ்வொரு கணமும் தந்திக்கு உயிர் ஊட்டிக்கொண்டிருக்கிறது. வீணை போன்ற, ஆனால் மெட்டில்லாத கோட்டுவாத்தியத்திலும், பிரிஜ் பூஷண் காப்ரா, விஸ்வமோகன் பட் ஆகியோர் கையாண்ட ஸ்லைடு கிட்டாரிலும் தந்தியின் மேல் வழுக்கிச் செல்வது கெட்டியான கட்டை அல்லது உலோகம். சரோட் என்ற வடஇந்தியத் தந்தி வாத்தியத்திலோ பலகையே எஃகுத் தகடு. அதன் மேல் தந்தியை இடக்கை நகத்தின் விளிம்பால் அழுத்துகிற கலைஞர்கள் பலர். வில், கட்டை, எஃகு ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லாமல், சதையையும் மரத்தையும் மட்டும் நம்பி நிற்பது மெட்டில்லாத கிட்டார். ஆகவே உங்கள் முன் உள்ள கேள்வி ‘ஸ்வரம் பிடிபடுமா’ என்பதைவிட, ‘கமகம் முடியும்வரை நாதம் உயிரோடிருக்குமா’ என்பதே.

தோடியையே எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவது. 648 மில்லிமீட்டர் நீளத் தந்தியில், திறந்த தந்தி ஸட்ஜமானால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 126 மில்லிமீட்டர் இருக்கிறது. ஒரே மீட்டில் இரண்டு மூன்று முறை அவ்வளவு தூரம் போய்வருவதற்குள் ஒலி அடங்கிவிடும். ஒரு ஸ்தாயி மேலே போனால் தூரம் பாதியாகிறது. ஆனால் அதிரும் தந்தியும் குறுகிவிடுவதால் நாதம் இன்னும் சீக்கிரம் மங்குகிறது. என் அனுபவத்தில், கழுத்தின் நடுப்பகுதியில், சற்றுக் கனமான தந்தியில், அசைவின் இரு முனைகளையும் முழுமையாகத் தொடாமல் தொட்டதாகக் காட்டிவிட்டுத் திரும்புவதே கைகொடுக்கிறது. பாடகர்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்; உங்கள் தொண்டைக்குத் தெரிந்ததை விரலுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் கிடக்கும் பழைய கிட்டாரின் மெட்டுகளை நானே பிடுங்கிவிடலாமா?

பதில்: கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற கிட்டாராக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மெட்டைச் சூடாக்கி மெல்ல நெம்பினால் மரம் சில்லு சில்லாகப் பெயர்வது குறையும். பிடுங்கியபின் காலியாக நிற்கும் பள்ளங்களில் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி நிரப்புவது கட்டாயம். இல்லாவிட்டால் தந்திகளின் இழுவிசையில் கழுத்து வளையும். மெட்டின் உயரம் போய்விட்டதால் தந்திகள் பலகையிலிருந்து எட்ட நிற்கும். தந்திகளை இரு முனைகளிலும் தாங்கும் நட்டையும் (தலைப்பக்கம்) குதிரையையும் (உடல்பக்கம்) தாழ்த்த வேண்டும். நிரப்பும் தகடு வேறு நிறத்தில் இருந்தால் அதுவே வழிகாட்டிக் கோடாகவும் பயன்படும். முறுக்குக் கம்பி சுற்றிய சாதாரணத் தந்திகள் மரத்தை அரம்போல அராவிவிடும் என்பதால் தட்டைச் சுற்றுத் தந்திகளைப் போடுங்கள், அல்லது பலகைக்கு எபாக்ஸி என்ற கெட்டியாகும் பிசினைப் பூசுங்கள். கெட்டியான பூச்சு நாதத்தையும் சற்று நீட்டித் தரும். விஜியே நிறுவனம் தன் மெட்டில்லாத மின்கிட்டாருக்கு உலோகப் பலகை வைத்திருப்பதும் இந்தக் காரணத்தை ஒட்டியதே.

கேள்வி: ஸ்ருதி எப்படிக் கூட்டுவது? கோட்டின் மேல் சரியாக விரல் வைத்தும் அபஸ்வரமாகவே கேட்கிறதே?

பதில்: கனத்த தந்தியிலிருந்து தொடங்கி ஸ, ப, ஸ, ம, ப, ஸ என்று கூட்டிப் பாருங்கள். மேற்கத்திய வழக்கில் இது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. எந்தத் தந்தியையும் வழக்கத்துக்கு மேல் முறுக்க வேண்டியதில்லை. மூன்றைத் தளர்த்தினால் போதும். மத்யமம் இல்லாத ராகங்களில் மட்டும் அந்த நான்காவது தந்தி தானாக ஒலித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோகனத்தின் நடுவே மத்யமம் முனகினால் கேட்பவர் முகத்தில் உடனே தெரிந்துவிடும்.

அபஸ்வரத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. மெட்டுள்ள கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகியவர்கள் இங்கும் அப்படியே அழுத்துவார்கள். ஸ்வரம் தாழ்ந்து நிற்கும். இங்கே விரலின் அழுத்தம் கோட்டின் மேலேயே விழ வேண்டும். இரண்டாவது காரணம் கோட்டிலேயே இருக்கிறது. அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கும் சம இடைவெளி முறையில் போடப்பட்டது. தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரமோ (மோகனத்தில் வரும் காந்தாரம்) ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் பிறப்பது. அதே 648 மில்லிமீட்டர் தந்தியில் அந்தக் காந்தாரம் கோட்டிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் நட்டின் பக்கமாக இருக்கிறது. பஞ்சமத்தில் இந்த வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான் என்பதால் அங்கே கோட்டை நம்பலாம்.

ஆகவே தம்புராவைப் போட்டுக்கொண்டு, கோட்டைப் பார்க்காமல், மோகனத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திப் பழகுங்கள். தம்புராவுக்கும் தந்திக்கும் இடையே ஒலி ஏறி இறங்குவதாக எழும் அலையடிப்பு மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுபோகிற இடம்தான் காந்தாரத்தின் இடம். இது கமகத்தைவிடக் கடினமானது என்பேன். அசைவில் சிறு பிழை மறைந்துவிடும், நிலைத்த ஸ்வரத்தில் மறையாது. நட்டின் அருகே ஒரு மில்லிமீட்டர் தவறினால் அரைஸ்வரத்தில் நூறில் மூன்று பங்குகூட விலகாது. தந்தியின் பாதியில் அதே தவறு இரு மடங்காகும். ஆதலால் முதல் சில மாதங்கள் நட்டை ஒட்டிய கீழ்ப்பகுதியிலேயே வாசியுங்கள்.

கேள்வி: மெட்டில்லாத கிட்டாரில் கார்டுகள் (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்வது) வாசிக்கலாமா?

பதில்: இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கலாம். மூன்று, நான்கு விரல்களும் ஒரே நேரத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் விழ வேண்டிய கார்டுகளுக்கு உங்கள் பழைய கிட்டாரை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.