அட்லாண்டா வழியாக

அன்புள்ள ஐயா,

டாலஸில் ஒரு விமான நிறுவனத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் உரை ஒன்றில் "1978-க்குப் பிறகு அமெரிக்காவில் விமானப் பயணமே சீரழிந்துவிட்டது" என்று போகிறபோக்கில் சொன்னீர்கள். எங்கள் எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஊழியருக்கு எத்தனை பயணி-மைல் (ஒரு பயணி ஒரு மைல் பறந்தால் ஒரு பயணி-மைல்) என்று பார்த்தால், கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு உற்பத்தித்திறன் நன்றாகவே உயர்ந்திருக்கிறது. ஊழியர் கணக்கு, எரிபொருள் கணக்கு, விமானக் கணக்கு: இதில் எதை வைத்து அளப்பது சரி என்று நினைக்கிறீர்கள்? இலக்கியவாதிகள் எண்களைக் கண்டால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? அப்புறம், நாவலின் அடுத்த பாகம் எப்போது?

ச., டாலஸ்

அன்புள்ள ச.,

யார் முகம் சுளித்தது? பதினெட்டு வருடம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். விடிகாலை நாலரைக்குக் கேனில் பால்மானியை விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த கை இது. எண்ணை நம்புவேன். எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் நம்பமாட்டேன், அவ்வளவுதான். லிட்டரை மட்டும் பார்த்தால் கிணறும் கறவை மாடுதான்.

"சீரழிந்துவிட்டது" என்றது வாய்த்துடுக்கு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போடும்வரை எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் வாஷிங்டனில் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற வாரியம்தான் முடிவு செய்தது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட முடியாதவர்கள் 747 ஜம்போ விமானத்துக்குள் பியானோ வைத்துப் போட்டி போட்டார்கள். எழுபதுகளின் நடுவில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமான இருக்கைகளில்தான் ஆள். அந்த வாரியத்துக்குத் தலைவராக வந்த ஆல்ஃபிரட் கான், விமானம் என்றால் எனக்கு இறக்கை முளைத்த இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஒன்றைத் தர ஆகும் கூடுதல் செலவு), வேறொன்றுமில்லை என்று சொன்ன பொருளாதாரப் பேராசிரியர். வாரியத்தையே மூடுவதற்கு வழி செய்தார். 1984-ன் கடைசி நாளோடு அது ஒழிந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் இறங்கியிருக்கிறது. இப்போது நூற்றுக்கு எண்பது இருக்கைக்கு மேல் நிரம்புகிறது. இதை மறுத்தால் நான்தான் முட்டாள்.

ஆனால் எல்லாப் பெருமையையும் சட்டத்தின் தலையில் கட்டாதீர்கள். சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் உங்கள் ஊர்க் கம்பெனிதான், உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 1972-ல் கையிலிருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, மூன்றை வைத்தே அதே அட்டவணையை ஓட்டினார்கள். வந்து நின்ற பத்தாவது நிமிடம் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. டெக்சாஸுக்குள்ளேயே பறந்ததால் வாரியத்தின் கை அவர்கள் மேல் படவில்லை. சட்டத்துக்கு ஆறு வருடம் முன்னால் நடந்ததை 1978 என்ற உங்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் போடுவீர்கள்?

ஊழியர் கணக்கா எரிபொருள் கணக்கா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பராமரிப்பு வேலையை வெளியாளுக்குக் கொடுத்தால் மறுநாளே ஊழியர் எண்ணிக்கை குறைந்து, தலைக்கு இத்தனை என்பது ஏறிவிடும். எல்லாச் செலவையும் சேர்த்து வகுக்க உங்களிடம் ஆள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். என் சண்டை வகுக்கும் எண்ணோடு அல்ல, மேலே வைத்து வகுபடும் எண்ணோடு. அந்தப் பயணி-மைல்.

1996 மார்ச்சில் அக்கா மகன் வீட்டுக்கு அலபாமாவிலுள்ள பர்மிங்ஹாம் போயிருந்தேன். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் போக வேண்டும். நேராகப் பறந்தால் சுமார் 320 மைல், தென்மேற்கே. எனக்குக் கொடுத்த டிக்கெட்டோ முதலில் கிழக்கே 135 மைல் அட்லாண்டாவுக்குக் கொண்டுபோய், அங்கே இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றி, வந்த திசையிலேயே 425 மைல் திருப்பி அனுப்பும் டிக்கெட். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு கறுப்பினப் பாட்டி. அவரும் அதே பர்மிங்ஹாம், அதே நியூ ஆர்லியன்ஸ், தங்கையைப் பார்க்க. ஷூவைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைப் பெட்டிமேல் நீட்டியிருந்தார். "செத்த பிறகு சொர்க்கமோ நரகமோ, அட்லாண்டாவில்தான் மாறி ஏற வேண்டும்" என்றார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக் என்று பிற்பாடு தெரிந்தது. அக்கா மகன் வீட்டுப் புளியோதரையைப் பிரித்து நீட்டினேன். விரலால் நிலக்கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். கார்ட்டர், அட்லாண்டா இருக்கும் இதே ஜார்ஜியாவின் கடலை விவசாயி என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்து எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. "மகன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், ஐந்து மணி நேரம்தான்," என்றார் பாட்டி. நாங்கள் உட்கார்ந்திருந்ததே ஐந்து மணி நேரம்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருவோம். நாங்கள் இருவரும் போக வேண்டியது 640 மைல். அன்றைய கணக்கில் ஏறியது 1,120. பறந்த ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மைல் எண்ணிக் கூட்டுவதுதானே உங்கள் முறை? எங்களை வழிமாற்றி அலைக்கழித்த 480 மைலும் "உற்பத்தி". சுற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரரிடம் நாம் சண்டை போடுகிறோம், நீங்கள் அவருக்கு உற்பத்தித்திறன் சான்றிதழ் தருகிறீர்கள்.

ஓர் ஊரில் கூட்டத்தைச் சேர்த்துப் பிரித்து அனுப்புவதால்தான் சின்ன ஊருக்கும் நாளைக்கு நாலு விமானம் கிடைக்கிறது என்பீர்கள். சரி, உண்மைதான். அந்த லாபத்தைக் கணக்கில் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் பாட்டியின் ஐந்து மணி நேரத்தை எழுத எந்தப் பத்தி இருக்கிறது? பைலட்டின் நேரம் செலவு, மெக்கானிக்கின் நேரம் செலவு, பாட்டியின் நேரம் மட்டும் காற்று. இயந்திரத்தில் தானே அட்டை அச்சிட்டு, தானே பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் பயணி உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியர். 1987-லிருந்து தாமதத்தை வெளியே சொல்ல வேண்டும் என்று அரசு சொன்னது. நிறுவனங்கள் அட்டவணையில் பயண நேரத்தைக் கொஞ்சம் நீட்டிப் போட்டன. பாதி வியாதி காகிதத்திலேயே குணமாகிவிட்டது.

நீங்கள் கெட்டிக்காரர். எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. புறப்பட்ட வாசலிலிருந்து சேர்ந்த வாசல்வரை எத்தனை மணி என்று ஒரு பத்தியும், நேர்தூரம் எத்தனை மைல் என்று ஒரு பத்தியும் சேர்த்து, அதே அட்டவணையை மறுபடி போட்டு எனக்கு அனுப்புங்கள். எண் அப்போதும் ஏறியிருந்தால் இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன்.

நாவலை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.