கூத்துக்காரர் பள்ளிக்கு வருகிறார்

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 58 பிள்ளைகள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் தோல்பாவைக்கூத்து (திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, தோல் பாவைகளை ஆட்டிக் கதை சொல்வது) நடத்தியவரிடம் பேசினேன், பள்ளிக்கு வரச் சம்மதித்தார். ஆண்டு விழாவில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கிறார் தலைமை ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்படி ஏற்பாடு செய்வது?
– ஓர் இடைநிலை ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஆண்டு விழா வேண்டவே வேண்டாம், டீச்சர். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படிச் செய்துதான் பட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்த கலைஞரை ஒன்பதரை வரைக்கும் காக்க வைத்தோம். அப்புறம் மேடை விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் திரையில் பாவை தெரியவே இல்லை. இருபது நிமிடத்தில் மைக்கை வாங்கிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திரை வேட்டியை அவிழ்த்து மடித்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த வருடம் வேறொரு கலைஞரைச் சாதாரண வேலை நாளில் வரவழைத்தேன். தோல்பாவைக்கு இருட்டுதான் முதல் தேவை. முதல் நாளே ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டி, கதவைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஓட்டு இடுக்கில் வெயில் விழுந்தால் அதையும் அடையுங்கள். ஒரு தடவைக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். உங்கள் 58 பேருக்கு இரண்டு ஆட்டம் கேளுங்கள். காலையில் ஆட்டம், மதியம் பிள்ளைகளோடு அவருக்கும் சாப்பாடு, அதற்குப் பிறகு திரைக்குப் பின்னால் பாடம். இந்தப் பிற்பகலை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், முன்னால் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு ராமன், ராவணன், கோமாளிகளான உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று பத்துப் பேர் பேசுகிற மாதிரி இருக்கும். பின்னால் போனால் ஒரே மனிதர். அத்தனை குரலும் அவருடையது; கை இரண்டும் பாவையில்; சண்டை வந்தால் காலடியில் கிடக்கும் பலகையை மிதித்துச் சத்தம் எழுப்புகிறார். பக்கத்தில் அவர் மனைவி ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே அடுத்த பாவையை எடுத்து நீட்டுகிறார். இருவரும் தங்களுக்குள் மராத்தியில் பேசிக்கொள்வதை எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். தஞ்சை மராட்டியர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு இவர்களுடையது. அன்றைக்குச் சமூக அறிவியல் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பாவையை மூக்கருகே கொண்டுபோய், “வெள்ளாட்டுத் தோல்தானே தாத்தா?” என்றான். அவன் வீட்டில் ஆடு மேய்ப்பவர்கள். கலைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மயிரை எப்படி நீக்குவது, தோலை எப்படி இழுத்துக் கட்டிக் காயவைப்பது, உளியால் ஏன் பொட்டுப் பொட்டாகத் துளை போடுவது என்று அவனிடம் சரிசமமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தத் துளை வழியாக வெளிச்சம் வந்தால்தான் திரையில் அது நகையாகத் தெரியும். பையன் ஒரு கிரீடத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் துளைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவனிடமிருந்து வாங்கி வைத்தேன்.

கதையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊர்க் கூத்தில் பெரியவர்களுக்கான இரட்டை அர்த்த நகைச்சுவையும் வரும். “சின்னப் பிள்ளைகள் ஐயா” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். பிளாஸ்டிக், டெங்கு என்று ஏதாவது விழிப்புணர்வைச் சேர்க்கச் சொல்வதானால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அன்று காலையில் சீட்டை நீட்டாதீர்கள்.

சம்பளத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவுசெய்து, பாவைப் பெட்டிக்கும் ஆர்மோனியத்துக்கும் ஆகும் வண்டிச் செலவைத் தனியாகச் சேர்த்து, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். ‘பில் பாஸ் ஆகட்டும்’ என்று அவரை இன்னொரு நாள் அலையவிட்டால் அந்த நாள் கூலியும் போச்சு.

கேள்வி: வீட்டில் பிள்ளைகளோடு நிழல் பாவை செய்ய முடியுமா?
– ஒரு தாய், தென்காசி

பதில்: தாராளமாக. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பக்கவாட்டு முகமாக வரைந்து வெட்டுங்கள். கையைத் தனியாக வெட்டி, தோளில் ஊசியால் குத்தி நூல் முடிச்சுப் போட்டால் ஆடும். விளக்குமாற்று ஈர்க்குதான் பிடி. நிறம் தெரிய வேண்டுமானால் வெள்ளைத் தாளில் வண்ணம் தீட்டி நல்லெண்ணெய் தடவுங்கள், வெளிச்சம் ஊடுருவும். ஒரு ராத்திரி செய்தித்தாள் நடுவில் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் திரைக்குக் கட்டிய வேட்டியில் எண்ணெய்க் கறை பிடிக்கும்.