திருகோணமலையிலிருந்து வந்த லினக்ஸ் கேள்விகள்

உவர்மலை ஆசிரியை: தம்பி, வீட்டில் 4 ஜிபி ரேம் கணினி. விண்டோஸ் 10 காலாவதியாம். என்ன போடலாம்? என் வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில்.

டீச்சர், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம். அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 வரிசையில், இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி, சுழலாத வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் பாதி அங்கேதான் இருக்கிறது.

பாமினி யூனிகோட் அல்ல, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் பழைய தாள்கள் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழாகவே திறக்கும். பந்தி, அட்டவணை கொஞ்சம் நகரலாம். புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் போட்டால் தமிழ்99, ரெங்கநாதன் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும்.

முதலில் மின்டை நிறுவாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்டி வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். நிறுவும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்று ஒரு தெரிவு வரும். நான் ஒருமுறை யோசிக்காமல் அதை அழுத்தி, அக்காவின் கல்யாணப் படங்கள் போயின. இன்றைக்கும் வீட்டில் அந்தக் கதை ஓடுகிறது. பிரதி எடுத்த பிறகே தொடங்குங்கள்.

அன்புவழிபுரம் மாணவர்: அண்ணா, காளி லினக்ஸ் போடவா? பெடியள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வேண்டாம். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி, படிக்கிற மேசைக்கு அல்ல. நமக்குக் காளி பத்திரகாளி கோயிலில் இருந்தால் போதும். பொதுப் பாவனைக்கான லினக்ஸ் உபுண்டுவில் தொடங்கு, காளியை வேர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினியில் வைத்துப் பழகு.

கிண்ணியா கடைக்காரர்: நானா, 32 பிட் மெஷின் ஒன்று கிடக்கிறது. பில் அடிக்க மட்டும்.

டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கு, அதாவது பழைய வகைக் கணினிக்கு, நிறுவும் மென்பொருள் இல்லை. டெபியன் 12 போடலாம். அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதற்குள் வேறு மெஷின் பாருங்கள்.

நிலாவெளி விடுதி முகாமையாளர்: எங்கள் சேர்வர் சென்ட்ஓஎஸ் 7. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓடும், ஆனால் சென்ட்ஓஎஸ் 7 என்ற அந்த லினக்ஸுக்கு 2024 ஜூன் 30க்குப் பிறகு பாதுகாப்பு ஓட்டை அடைக்க யாருமில்லை. முன்பதிவு மென்பொருள் சென்ட்ஓஎஸ் சேர்ந்த ரெட் ஹேட் லினக்ஸ் குடும்பத்தை எதிர்பார்த்தால், அதே குடும்பத்து அல்மாலினக்ஸ் 9 போடுங்கள். அதற்கு 2032 வரை ஆயுள். அப்படிக் கட்டாயம் இல்லையென்றால் நான் டெபியன் 13ஐத்தான் எடுப்பேன். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும். இருக்கும் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். புதிய டிஸ்க்கில் நிறுவி, தரவை மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு பழையதைக் கழற்றுங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால், லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான ஈஎக்ஸ்டி4 பெரும்பாலும் எழும்பிவிடும், ஆனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு எழும்பும் என்று நம்பியிருக்க முடியாது. அப்புறம், சேர்வரைக் கடல் பக்க ஜன்னலடியில் வைக்காதீர்கள். உப்புக் காற்று எந்த லினக்ஸ் என்று கேட்காது.