கலியாணத்துக்கு ஒம்பது நாள், நெத்தி நிறையப் பரு

கேள்வி: அக்கா, ஆவணியில எனக்குக் கலியாணம், இன்னும் 9 நாள்தான் இருக்கு. போன கிழமை பார்லர்ல பேசியல் ஒண்டு செஞ்சன், மூணாம் நாள் விடியப் பாத்தா நெத்தி முழுக்கச் சின்னச் சின்னதா எழும்பி இருக்கு, நாடியில வேற ரெண்டு பெரிசு, தொட்டா நோகுது. அம்மா தேசிக்காய்ப் புளி பூசு எண்டுறா, மாமி பேஸ்ட் வை எண்டுறா, மச்சாள் ஒருத்தி வெள்ளையாக்குற கிறீம் ஒண்டு கொண்டு வந்து தந்திருக்கா, டப்பாவில பேரும் ஒழுங்கா இல்ல, ஆனா நாலு நாள்ல முகம் பளபளக்குமாம். போட்டோகாரருக்கு அட்வான்ஸ் எல்லாம் குடுத்தாச்சு. அழுகையா வருது.
— களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அந்த டப்பாவ மச்சாள்ட கையிலயே திருப்பிக் குடுத்திருங்க. நான் பாமசியில 18 வருசம் நிண்டவள், இப்பிடிப் பேர் ஊர் இல்லாத கிறீம் பூசிட்டு வந்த முகங்கள் கனக்கப் பாத்திருக்கன். அதுக்குள்ள பாதரசம் இருக்கலாம், இல்லாட்டி கடும் ஸ்டீரொயிட் மருந்து இருக்கலாம். ஸ்டீரொயிட்ல உள்ள பொல்லாப்பு என்னண்டா மச்சாள் சொன்னது பொய்யே இல்ல, நாலு நாள்ல சிவப்பு வத்தி முகம் பளபளக்கும்தான், மறுகா நிப்பாட்டினோடன பழையத விட மோசமா எழும்பும், அது நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போற நேரமாப் பாத்து வரும்.

தேசிக்காய்க்கு எங்கட வீட்டுக் கதையே இருக்கு. என்ட தங்கச்சி நாடியில வந்த ஒரு பருவுக்குத் தேசிக்காய்ப் பாதியத் தேய்ச்சிட்டு, முகமும் கழுவாம மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் குளத்தடி வெயில்ல மத்தியானம் வரைக்கும் நிண்டாள். பரு இருந்த மாதிரியேதான் இருந்த. ரெண்டாம் நாள் அந்த இடம் எரிஞ்சு சிவந்து, மறுகா கறுத்து, புளி கழுத்தால வழிஞ்ச கோடு கூட அப்பிடியே கறுப்பா விழுந்திட்டு. அது மங்க ரெண்டு மாசத்துக்கு மேல. தேசிக்காய்ப் புளி பட்ட தோல்ல வெயில் விழுந்தா பொசுங்கும், ஆடி ஆவணி வெயிலச் சொல்லவே தேவல்ல.

பேஸ்ட் வைச்சுப் பாத்த ஆள் நான்தான். வந்தாறுமூலை கெம்பஸ்ல பட்டமளிப்புக்கு முதல் நாள் ராத்திரி வைச்சுட்டுப் படுத்தன், விடிய பரு கொஞ்சம் வத்தித்தான் இருந்த, ஆனா சுத்திவர ஒரு சதக்காசு அளவுக்குத் தோல் உரிஞ்சு காஞ்சு போய், அதுக்கு மேல பவுண்டேசன் போடப் போட பொருக்கு விட்ட சுண்ணாம்புச் சுவர் மாதிரி நிண்டிச்சு. பருவ மறைக்கலாம் புள்ள, உரிஞ்ச தோல மறைக்க ஏலாது. 9 நாளுக்குள்ள நீங்க பயப்பட வேண்டியது பருவுக்கு இல்ல, பருவுக்கு எண்டு எல்லாரும் கொண்டு வந்து தாற சாமானுக்கு.

இப்ப சன்னலடியில நிண்டு கண்ணாடிய வடிவாப் பாருங்க. நெத்தியில இருக்கிறது எல்லாம் ஒரே அளவா, குறுணி மாதிரி, கடிக்குதா? அப்பிடியெண்டா அது பருவா இல்லாமலும் இருக்கலாம். கச்சான் காத்துக்கு வியர்த்து வியர்த்து, தலைக்கு வைச்ச எண்ணெயும் நெத்தியில இறங்கினா, தோல்ல எப்பவும் இருக்கிற ஒரு பங்கசு பெருகி இப்பிடிக் கிளம்பும், வேர்க்குருவாவும் இருக்கலாம், பேசியல் கிறீம் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். இதுகளுக்குப் பரு மருந்து கேக்காது, பங்கசுக்கு வேற மருந்து. டொக்டர்ட்ட காட்டுற வரைக்கும் தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் புதுக் கிறீம் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. நாடியில நோகுறது ரெண்டும் சரியான பருதான், ஆனா பரு தோலுக்குக் கீழ உருவாகத் தொடங்கி வெளிய தெரியவே கிழமைக் கணக்கா எடுக்கும், அதால அந்த ரெண்டுக்கும் பார்லர் புள்ளையோட சண்டைக்குப் போகாதீங்க.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். காலையும் ராவும் மென்மையான பேஸ் வொஷ்ஷால கழுவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாத மொயிஸ்சரைசர் மெல்லிசாப் பூசுங்க. ராவுல பருவுக்கு மேல மட்டும் 2.5 வீத பென்சோயில் பெரொக்சைட் ஒரு பொட்டு. 10 வீதம் வாங்கினா கெதியா மாறும் எண்டில்ல, எரிச்சலும் உரிவும்தான் கூட. எரிஞ்சா அதையும் விட்டுருங்க. ஒண்டு சொல்ல மறந்திட்டன், இந்த மருந்து துணியில பட்டா சாயம் வெளிறும், தலையணை உறைக்குப் பரவாயில்ல, அந்தக் கையோட கூறைச் சேலைய எடுத்துப் பாக்க மட்டும் போகாதீங்க. நோவுக்கு ஐஸ் கட்டியத் துணியில சுத்தி ரெண்டு மூணு நிமிசம் வைக்கலாம். கிள்ளுறது பிதுக்குறது வேணவே வேணாம்.

அந்த ரெண்டும் ஆழமா உருண்டையா இருந்தா இந்தக் கிழமைக்குள்ளயே தோல் டொக்டர் ஒருவரக் காணுங்க. தேவையெண்டா அந்தக் கட்டிக்குள்ளயே சின்னதா ஒரு ஊசி போடுவாங்க, ரெண்டு மூணு நாள்ல அமரும். சில நேரம் அந்த இடம் கொஞ்சக் காலத்துக்குக் குழி விழும், அதால கடைசி நாள் ஓடிப் போய்க் கேக்குற விசயம் இல்ல இது. மற்றது, கூட்டாளிட மிச்சப் பருக் குளிசைய வாங்கிப் போடாதீங்க. ஐசோடிரெடினொயின் எண்டு ஒண்டு இருக்கு, அது குடிக்கிற காலத்துல வயித்துல புள்ள தங்கினா புள்ளைக்குக் கடுமையாப் பாதிக்கும். எந்த டொக்டர்ட்டப் போனாலும் கலியாணம் நடக்கப் போகுது எண்டு முதல்லயே சொல்லுங்க.

மேக்கப் போடுற அக்காவுக்கு இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்க, பிரஷ் ஸ்பொஞ்ச் எல்லாம் கழுவினதாக் கொண்டு வரச் சொல்லுங்க. சிவப்புக்குக் கீழ லேசா பச்சைக் கரெக்டர், மேல மெல்லிசா ரெண்டு தரம், அது போதும். படத்துல மிச்சமாத் தெரியுறத போட்டோகாரர் பாப்பார், அட்வான்ஸ் குடுத்தாச்சுதானே.

கேள்வி: மகளுக்கு 12 வயசு, சாமத்திய வீடு அடுத்த மாசம். நெத்தியில பரு தொடங்கிட்டு. பிளீச் பண்ணலாமா?
— ஆரையம்பதி தாய்

பதில்: வேணாம். பெரிய புள்ளையாகுற வயசுல கூடுற ஹோர்மோன்தான் பருவையும் கொண்டு வந்திருக்கு, பிளீச் அந்தத் தோல எரிக்குமே ஒழிய பருவ நிப்பாட்டாது. முடிய நெத்தியில விழாமக் கட்டிவிட்டு, ரெண்டு நேரம் முகம் கழுவப் பழக்குங்க. வாறவங்க போறவங்க எல்லாம் “என்ன புள்ள முகத்துல” எண்டு கேக்காமப் பாத்துக்கிறதுதான் பெரிய வேலை, அதுக்கு மருந்து நம்மட பாமசியில இல்ல.

கேள்வி: ராத்தா, நிக்காஹ்வுக்கு 2 மாசம் இருக்கு. ஷேவ் எடுத்தா கழுத்தெல்லாம் குரு போடுது.
— அக்கரைப்பற்று தம்பி

பதில்: நல்ல நேரத்துல கேட்டீங்க தம்பி, 2 மாசம் எண்டா டொக்டர் தாற மருந்துக்கு வேலை செய்ய அவகாசம் இருக்கு. அது வரைக்கும் முடி போற திசைக்கே வழிங்க, ஒட்ட வழிக்க வேணாம், பிளேட்ட அடிக்கடி மாத்துங்க. இல்லாட்டி தாடிய அளவா ட்ரிம் பண்ணி விடுங்க, பொண்ணு வீட்டாரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க.