வாசகர் கேள்வி – பதில்: விகடகவியை ஏற்காத நிரல்

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊரிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பேருந்திலும், இரவு ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்த பிறகும் இணையத் தொழில்நுட்பச் செய்திகளைக் கைப்பேசியில் படிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில் இது புதிது, சி.எஸ்.எஸ்.ஸில் அது புதிது என்று தினமும் ஏதாவது வருகிறது. ஆய்வகத்திலோ இன்னும் மார்க்கீ, ஃபான்ட் முதலிய டேக்குகளைத்தான் எழுதச் சொல்கிறார்கள். வகுப்பில் படிப்பது பழையதாகவும், செய்தியில் வருவது எனக்கு எட்டாததாகவும் தோன்றுகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?
– மாணவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன். எழுத்தை ஓடவிடும் மார்க்கீ, எழுத்துருவை மாற்றும் ஃபான்ட், நடுவில் நிறுத்தும் சென்டர் ஆகிய டேக்குகளைப் புதிய பக்கங்களில் பயன்படுத்தக் கூடாது என்று, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் தரநிலை தெளிவாகவே சொல்கிறது. ஆகவே உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் அதே தரநிலை ஆவணம், பழைய பக்கங்கள் உடைந்துவிடாமல் இருப்பதற்காக, இந்த டேக்குகளை உலாவிகள் இன்றும் எப்படிக் காட்ட வேண்டும் என்பதையும் வரையறுத்து வைத்திருக்கிறது. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் இணையதளத்தின் பக்கங்கள் இன்றைய கைப்பேசி உலாவியிலும் திறக்கின்றன. பழையதைத் தூக்கி எறியாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போவது வலையின் இயல்பு என்பதால், நீங்கள் வகுப்பில் கற்கும் அடிப்படைகள் வீண்போவதில்லை. தேர்வாளர் கேட்பதை ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள். அதே வேலையை, பக்கங்களுக்கு அழகூட்டும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸில் செய்யும் வழியைச் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்து, "வந்துவிட்டது" என்ற சொல். இணையத் தொழில்நுட்பச் செய்திகளில் இதைவிடக் குழப்பம் தரும் சொல் வேறில்லை என்பேன். வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு புதிய வசதி சேர வேண்டுமானால், தரநிலைகளை வகுக்கும் ஈக்மா அமைப்பின் டி.சி.39 என்னும் குழுவில் அது பூச்சியத்தில் தொடங்கி நான்காம் நிலை வரை ஏற வேண்டும். முதல் நிலை என்பது "இதைப் பற்றிப் பேசலாம்" என்று குழு ஒப்புக்கொள்வது மட்டுமே. நான்காம் நிலையை எட்டியவை மட்டுமே ஆண்டுதோறும் வெளியாகும் தரநிலையில் இடம்பெறுகின்றன. தேதியையும் நேரத்தையும் கையாள்வதற்கான 'டெம்பொரல்' என்னும் வசதி 2021 மார்ச்சில் மூன்றாம் நிலைக்கு வந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. செய்தித் தலைப்புகளோ முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எனவே ஒரு செய்தியைப் பார்த்ததும் "எந்த நிலையில் இருக்கிறது, எந்த உலாவியில் வேலை செய்கிறது" என்று கேட்டுப் பழகுங்கள். நீங்கள் படித்துக் கவலைப்படும் செய்திகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும் என்று நம்புகிறேன்.

சி.எஸ்.எஸ்.ஸில் வந்த 'ஹேஸ்' என்னும் தேர்வியைப் பாருங்கள். ஓர் உறுப்பு தனக்குள் எதைக் கொண்டிருக்கிறது என்பதை வைத்து அதற்கு அழகூட்ட உதவும் இந்த வசதியை வலை வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். அது சஃபாரியில் 2022 மார்ச்சிலும், குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டிலும், பயர்பாக்ஸில் 2023 டிசம்பரிலும் இடம்பெற்றது. ஒரே செய்தி மூன்று முறை புதிய செய்தியாக வந்தது என்று பொருள். முக்கியமான உலாவிகள் அனைத்திலும் ஒரு வசதி சேர்ந்த நாளிலிருந்து 30 மாதங்கள் கழிந்த பிறகே, அதைப் 'பரவலாகக் கிடைப்பது' என்று, வலைப்பக்கம் உருவாக்குவோருக்கான எம்.டி.என். ஆவணங்களில் உள்ள 'பேஸ்லைன்' குறி காட்டும். அந்தக் கணக்கின்படி 'ஹேஸ்' அந்த நிலையை எட்டும் காலம் 2026 ஜூன். 2023இல் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவர் முதலாண்டில் படித்த செய்தி, அவர் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் தயங்காமல் பயன்படுத்தத்தக்க கருவியாகிறது. இந்த வேகத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் பின்தங்கியிருக்கவே இல்லை; உங்கள் ஆறு செமஸ்டர்களும் அந்த 30 மாதங்களும் ஏறக்குறைய ஒரே நீளம்.

அப்படியானால் செய்தியே படிக்க வேண்டாமா என்றால், படிக்க வேண்டும். ஆனால் அதை உங்கள் பாடத்தோடு கட்டிப்போட வேண்டும். இந்த செமஸ்டரில் கணினி வலையமைப்பு ஒரு தாளாக இருந்தால், 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோன நிகழ்வைப் பற்றி அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதிய விளக்கத்தைத் தேடிப் படியுங்கள். வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வழங்கிகள் (சர்வர்கள்) தரவு மையங்களை எட்ட முடியாமல் போனதால், தங்களுக்கு வரும் வழியை, வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் முறையான பி.ஜி.பி.யின் அறிவிப்பிலிருந்து தாமே விலக்கிக்கொண்டன; வழங்கிகள் இயங்கிக்கொண்டிருந்தும் அவற்றின் முகவரி உலகுக்குத் தெரியாமல் போயிற்று. ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்யும் டி.என்.எஸ்.ஸும் பி.ஜி.பி.யும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது அந்த ஆறு மணி நேரத்தில் தெரிவதுபோல் பாடநூலில் தெரிவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: வாரத்துக்கு ஒரு செய்தியை மட்டும் எடுத்து, அதைத் தமிழ் எழுத்தின் மீது சோதித்துப் பாருங்கள். ஆய்வகப் பயிற்சிகளில் 'பாலின்ட்ரோம்' நிரல் தவறாமல் இருக்கும். சொல்லைத் திருப்பிப் போட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. 'மேடம்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ஆம் என்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய அதே நிரலுக்கு 'விகடகவி' என்று கொடுங்கள். இல்லை என்று சொல்லிவிடும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த மாலைமாற்றுச் சொல்லைக் கணினி மறுப்பது ஏன்? எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'வி' என்பது ஒரு குறியீடு அன்று. வகர மெய்யின் அகரமேறிய எழுத்தும் இகரக் குறியும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. நாம் ஐந்து எழுத்தாகக் காணும் விகடகவி, ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' கணக்கில் ஏழு. திருப்பிப் போடும்போது கடைசியில் இருந்த இகரக் குறி முதலில் வந்து துணையெழுத்தாகத் தனியே நிற்கிறது. 'தமிழ்' என்ற சொல்லும் அப்படியே: நமக்கு மூன்று எழுத்து, நிரலுக்கு ஐந்து, யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள்.

இப்போது செய்திக்கு வருவோம். பயர்பாக்ஸ் 125ஆம் பதிப்பு 2024 ஏப்ரலில் வெளியானபோது, அதன் வெளியீட்டுக் குறிப்பில் 'இன்டல் செக்மென்டர்' என்னும் வசதி சேர்ந்திருப்பதாக ஒரு வரி இருந்தது. குரோமிலும் சஃபாரியிலும் அது முன்பே இருந்தது. ஆங்கிலம் மட்டும் எழுதுபவர் அந்த வரியைக் கடந்து போயிருப்பார். ஆனால் உரையைக் குறியீடுகளாக அல்லாமல், படிப்பவர் காணும் எழுத்துகளாகவே பிரித்துத் தருவது அதன் வேலை. அதைக் கொண்டு விகடகவியைப் பிரித்தால் வி, க, ட, க, வி என்று ஐந்தாகக் கிடைக்கிறது, திருப்பினாலும் மாறுவதில்லை, நிரல் ஆம் என்கிறது. ஒற்றை வரிச் செய்தி தமிழில் ஒரு பிழையைத் தீர்த்துவிட்டது.

இது வெறும் ஆய்வக விளையாட்டு அன்று. பெயருக்குப் பத்து எழுத்துகள் மட்டுமே என்று எல்லை வைத்த ஒரு படிவத்தில் 'கிருஷ்ணமூர்த்தி' என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் எட்டே எழுத்துகள். கணினியின் கணக்கில் பதினைந்து. பெயர் பாதியில் வெட்டுப்படும். இத்தகைய படிவங்களை நாளை எழுதப் போகிறவர்கள் நீங்கள்தாம் என்பதால், எங்கோ ஒரு நிறுவனம் வெளியிடும் புதிய கருவியின் பெயரை முதலில் அறிந்துகொள்வதைவிட, இந்தப் பதினைந்துக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வதே உங்களுக்கு அவசரம்.

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இரவு பதினொரு மணியைத் தாண்டியும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். கேட்டால், "டெக்னாலஜி நியூஸ் படிக்கிறேன் அம்மா" என்கிறான். எனக்குக் கணினி தெரியாது. இதை நம்புவதா, கண்டிப்பதா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: கண்டிப்பதற்கு முன் கேளுங்கள், அம்மா. சாப்பிடும் நேரத்தில், அன்று படித்ததில் ஒன்றை உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். கணினி தெரியாத ஒருவருக்கு விளக்க முடிகிறது என்றால், அவர் உண்மையிலேயே படித்திருக்கிறார். முடியவில்லை என்றால் தலைப்புகளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார் என்று பொருள்.

தொடக்கமாக நீங்களே ஒன்றைக் கேட்கலாம்: "2024இல் அரை விநாடித் தாமதத்தால் ஒரு பெரிய ஆபத்து தெரியவந்ததாமே, அது என்ன?" ஆன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியாளர், தம்முடைய கணினியில் தொலைவிலிருந்து நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அதைப் பொருட்படுத்தாமல் விடாது தோண்டிப் பார்த்ததில், லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்.இசட்.' என்னும் பொதுப் பயன்பாட்டு மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருப்பது தெரிந்தது. மார்ச் 29ஆம் தேதி அவர் அதை வெளியிட்டார். அது பரவலான பயன்பாட்டுக்குப் போவதற்குள் தடுக்கப்பட்டது. பூட்டிய வீட்டுக்குக் கள்ளச்சாவி செய்து வைத்ததைப் போன்றது என்று உங்கள் மகன் சொல்லிவிட்டால், நீங்கள் மகிழலாம்.

ஆனால் பதினொரு மணிக்கு மேல் படிக்க வேண்டிய அளவுக்கு அவசரமான செய்தி ஒரு மாணவருக்கு எதுவும் இல்லை. அந்த விஷயத்தில் உங்கள் கண்டிப்பு சரியே.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் படிப்பது வீண் வேலை என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. அது தரும் நிரல் சரியா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்; முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன விகடகவிச் சோதனையைத் தானாக நினைத்துப் பார்க்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியையும் வாய்மொழித் தேர்வில் விளக்குவதுபோல் உங்களுக்கு நீங்களே விளக்கிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரவுதான் என் கைப்பேசியில் உள்ளது. தொழில்நுட்பக் காணொளிகள் பார்த்தால் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. மடிக்கணினி இல்லை. குறைந்த தரவில் செய்திகளைத் தொடர வழி உண்டா?
– மாணவர், தூத்துக்குடி

பதில்: உண்டு, அதுவும் உங்களைவிட வயதில் மூத்த வழி. ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடை முறை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்.வி. குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அடுத்த ஆண்டு அதன் 1.0 பதிப்பை வடிவமைத்த குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற சிறுவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதைத் தலைப்பு, சுருக்கம், இணைப்பு என எழுத்தாக மட்டும் தருவதே இந்த ஓடை. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது இதுவும் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் ஓடை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமன்று என்பதால் இன்றும் எண்ணற்ற தளங்கள் அதைத் தருகின்றன. எது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று வேறொருவர் முடிவு செய்யாமல், நீங்கள் தேர்ந்தவை மட்டும் தேதி வரிசையில் வருவது இதன் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் ஓடைச் செயலி ஒன்றை நிறுவி, படங்களைத் தானாக இறக்கும் அமைப்பை முதலில் நிறுத்துங்கள். நாள் முழுவதும் வரும் தலைப்புகளுக்கு ஆகும் தரவு, காணொளியின் சில விநாடிகளுக்கு ஆவதைவிட அதிகமாக இராது. ஓடைகள் மூன்று போதும்: எம்.டி.என்., வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி, நீங்கள் பயன்படுத்தும் உலாவியின் வெளியீட்டுக் குறிப்புகள். கல்லூரியில் வைஃபை கிடைக்குமானால், பிடித்த கட்டுரையை அங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில் படிக்கலாம். நிரலைச் சோதிக்க மடிக்கணினி வேண்டும் என்பதில்லை. ஆய்வக வகுப்பில் கொடுத்த பயிற்சியை முடித்த பிறகு மிஞ்சும் பத்து நிமிடம் போதும், சோதிக்க வேண்டிய நான்கு வரிகளை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு போனால்.