ஒரே பெயரில் இரண்டு இடங்கள் இருந்தால் அவை உறவா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கும் காக்கசஸ் பகுதியில் உள்ள ஜார்ஜியா நாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடையாது. மாநிலத்தின் பெயர் பிரிட்டிஷ் அரசர் இரண்டாம் ஜார்ஜிடமிருந்து வந்தது. அந்தக் குடியேற்றத்துக்கு 1732இல் சாசனம் கொடுத்தவர் அவர். காக்கசஸில் உள்ள ஜார்ஜியா நாட்டு மக்களோ தங்கள் நாட்டைச் சகார்ட்வெலோ என்றே சொல்கிறார்கள். ஜார்ஜியா என்பது வெளியார் வைத்தது. பாரசீகர்கள் அவர்களைக் குறித்த ‘குர்ஜ்’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. புனித ஜார்ஜின் பெயர் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்ட கதை.

இதைவிடச் சுவாரசியமானது கலீசியா. ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் கலீசியா, ரோமானியர் காலத்தில் அங்கே வாழ்ந்த கல்லைசி மக்களின் பெயரைத் தாங்கியது. இன்னொரு கலீசியா இன்றைய போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. ஹாலிச் என்ற நகரின் பெயர் லத்தீனில் திரிந்து அப்படி ஆனது. 1772இல் ஆஸ்திரியா அதைப் பிடித்தபோது அங்கே போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், யூதர்கள் எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள். ஸ்பெயின்காரர்களோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, உண்மையிலேயே உறவுள்ள பெயர்கள்? அவையும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் அப்படிப்பட்டது. அங்கே ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!